அடிக்கடி நின்றுபோகும் வீட்டுக் கணினி: ஃபார்மெட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கணினி வேலையின் நடுவே தானாக அணைவதும், திரும்பத் திறந்தால் சிறிது நேரத்தில் மறுபடி அணைவதும் தொடங்கிவிட்டால், கோலாலம்பூரில் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "கடையில் கொடுத்து ஃபார்மெட் அடித்துவிடலாம்" என்பதுதான். அதாவது, உள்ளதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. பழுது விண்டோஸில் இருந்தால் அது பலன் தரும். ஆனால் நான் திறந்து பார்த்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் பழுது சூட்டிலோ மின்சாரத்திலோ ரேம் எனும் நினைவகத்திலோதான் இருந்தது. அப்படிப்பட்ட கணினியை எத்தனை முறை ஃபார்மெட் செய்தாலும் அது நிற்கத்தான் செய்யும். குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் அழிந்ததுதான் மிச்சமாகும்.

செந்தூலில் என் தங்கை வீட்டுக் கணினிக்கு இதுவே நேர்ந்தது. பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவள் மகன், ஒரே மாதத்தில் இரண்டு முறை அதைக் கடைக்குத் தூக்கிச் சென்று ஃபார்மெட் செய்து கொண்டுவந்தும் குறை தீரவில்லை. ஒரு வாரத்திற்கு எதையும் மாற்றாமல், கணினி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். கட்டுரை தட்டச்சு செய்யும்போது அது ஒருமுறைகூட நிற்கவில்லை என்பதும், காணொளி தொகுக்கத் தொடங்கினால் 15 முதல் 20 நிமிடங்களுக்குள் விளக்கை அணைத்ததுபோல் அணைந்துவிடுகிறது என்பதும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

ஆகவே, கணினி கொஞ்ச நேரமாவது ஓடும் நிலையில் இருந்தால், முதல் வேலையாக முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் படியெடுத்துவிட்டு, அதன்பின் குறிப்பெழுதத் தொடங்க வேண்டும். நின்ற நேரம், அப்போது திறந்திருந்த செயலிகள், வெளியே இடி மழையா, வீட்டில் ஏர்கோனோ நீர்ச்சூடேற்றியோ ஓடியதா என்பவற்றோடு, கணினி எந்த விதமாக நின்றது என்பதையும் தவறாமல் குறிக்க வேண்டும். மின்சாரம் போனதுபோல் சட்டென்று அணைந்தால் சூட்டையும் மின்வழங்கியையும் (பவர் சப்ளை) சந்தேகிக்கலாம். பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்தால் டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்), நினைவகம், வட்டு (ஹார்ட் டிஸ்க்) ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். படம் அப்படியே உறைந்து சுட்டியும் நகராமல் போனால் வட்டும் கிராஃபிக்ஸ் அட்டையும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். விண்டோஸ் 11-இல் இந்த நீலத்திரை 2025-இல் கறுப்பாக மாற்றப்பட்டுவிட்டதால், கறுப்புத் திரையைக் கண்டவுடன் மானிட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாமல், அதில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அந்த எழுத்தைப் படிப்பதற்குள் கணினி மறுபடி துவங்கிவிடுவது பலருக்கும் உள்ள சிக்கல். தேடல் பெட்டியில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி' என்ற பகுதியின் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கிவிட்டால், பிழைத்திரை நாம் அணைக்கும்வரை நிற்கும்; கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்ற பக்கத்தையும் பார்க்க வேண்டும். எந்த நாளில் எது நின்றது, எந்த நாளில் எந்தப் புதிய மென்பொருள் நிறுவப்பட்டது என்பதை அது நாள்வாரியாகச் சிவப்புக் குறிகளோடு காட்டும். புதிய பிரிண்டர் டிரைவர் ஏறிய நாளிலிருந்தே சிவப்புக் குறிகள் தொடங்கியிருந்தால், அதற்கு மேல் தேடாமல் அந்த டிரைவரை நீக்கிப் பார்க்கலாம். 'ஈவென்ட் வியூவர்' பதிவேட்டில் கெர்னல் பவர் 41 என்ற வரியைக் கண்டு பலர் அதையே நோயென்று எண்ணிவிடுகிறார்கள். முறையாக மூடப்படாமல் கணினி மறுபடி துவங்கியது என்பதைத் தவிர அந்த வரி வேறொன்றும் சொல்வதில்லை. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

சட்டென்று அணையும் கணினிகளுக்குச் சூட்டை அளப்பதே முதல் சோதனை. எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவசச் செயலியைத் திறந்துவைத்து, வழக்கமாகக் கணினி நிற்கும் வேலையைச் செய்தபடி கணினியின் மூளையான பிராசசரின் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். நண்பகலில் 32 அல்லது 33 பாகை தொடும் நம் ஊர் வீட்டில், ஏர்கோன் இல்லாத அறையில், கடும் வேலையின்போது 70 முதல் 85 பாகைவரை ஏறுவது இயல்பு. 95-ஐத் தாண்டி 100-ஐ நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் தன்னைக் காத்துக்கொள்ளக் கணினியையே அணைத்துவிடும். என் தங்கை வீட்டில் எண் 98-ஐக் காட்டியபோது பெட்டியைத் திறந்தோம்.

அந்தக் கணினி ஹாலில், சாமி மேடைக்கு இரண்டடி தள்ளி இருந்தது. நாள்தோறும் ஏற்றும் ஊதுபத்தியின் புகையும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும், விளக்கெண்ணெய்க் கரியும் தூசியோடு சேர்ந்து, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கிடையே கம்பளித் துணிபோல் படிந்திருந்தன. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது; ஊதினால் அசையவில்லை. வெறும் தூசியென்றால் காற்றடித்தால் போய்விடும், புகைப்பிசுக்கு அப்படிப் போகாது. சாமி மேடைக்கும் கணினிக்கும் ஒரே மூலையை ஒதுக்கியிருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய இருப்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

துப்புரவு செய்யும்போது கணினியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னை வடித்துவிட வேண்டும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டால், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டே காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கட்டுக்கடங்காமல் சுழன்று கெட்டுப்போகலாம். பிசுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் மெல்ல எடுக்க வேண்டும், தண்ணீர் கூடாது. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பிராசசருக்கும் அதற்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுவதும் துடைத்துவிட்டு, புதியதைப் பட்டாணி அளவுக்கு நடுவில் வைத்து மூடினால் போதும். அன்று மாலையே எங்கள் எண் 98-இலிருந்து 74-க்கு இறங்கியது. கணினியை அறைக்குள் மாற்றினோம். சாமி மேடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அதை மெத்தையின்மேலும் தலையணையின்மேலும் வைத்து இயக்குவதை நிறுத்தினாலே சூடு நன்றாகக் குறையும்.

சூடு சரியாக இருந்தும் சட்டென்று அணைந்தால் மின்சாரப் பாதையைப் பார்க்க வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கணினியோடு இஸ்திரிப் பெட்டியையும் கெட்டிலையும் மாட்டியிருந்தால், கணினியை மட்டும் நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்டி இரண்டு நாள் ஓட்டிப் பார்க்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடிமழைக்குப் பிறகு தொடங்கிய பழுதென்றால் மின்வழங்கி அடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்தவரிடமிருந்து ஒரு நல்ல மின்வழங்கியை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. மின்வழங்கியின் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். இடி முழங்கத் தொடங்கினால் பவர் பிளக்கோடு லேன் வயரையும் கழற்ற வேண்டும். மோடத்தின் வழியாகவும் மின்வீச்சு உள்ளே வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரோடு வந்தால் நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை முதலில் ஓட்டி, அது குறை காணாவிட்டாலும் மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனைச் செயலியை இரவு முழுவதும் ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டும். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால், எது கெட்டது என்பது தெரிந்துவிடும். பல சமயம் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைத் துடைத்து, 'டக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி மாட்டினாலே குறை தீர்ந்துவிடுவதுண்டு.

வட்டின் நலத்தைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி ஒரே பார்வையில் காட்டும். அது எச்சரிக்கை நிறத்தைக் காட்டினால் வேறெந்தச் சோதனையும் செய்யாமல், இன்னும் படியெடுக்காத கோப்புகளை எடுத்துவிட்டு வட்டை மாற்றிவிட வேண்டும். சாகும் தறுவாயில் உள்ள வட்டைப் பழுதுபார்க்க முயன்றால், இருப்பதும் போய்விடும்.

சூடு, மின்சாரம், நினைவகம், வட்டு ஆகிய நான்கும் தேறிய பிறகே விண்டோஸின்மேல் கைவைக்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, அங்குள்ள தெரிவுகளின் வழியே இன்றியமையாத டிரைவர்களோடு மட்டும் துவங்கும் சேஃப் மோடுக்குள் சென்று, நாள் முழுவதும் கணினி நிற்காமல் ஓடினால், குற்றம் ஏதோ ஒரு டிரைவரிலோ தானாகத் துவங்கும் செயலியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும்.

இதற்கும் மசியாத கணினியை கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவிலோ உங்கள் குடியிருப்புப் பகுதியான தாமானிலோ உள்ள கடைக்குக் கொண்டுபோகும்போது, அந்த நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டுபோங்கள். எந்தெந்தச் சோதனையைச் செய்தீர்கள், என்ன எண் வந்தது என்று காட்டி, அனுமதி இல்லாமல் ஃபார்மெட் செய்ய வேண்டாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு, மாற்றிய பழைய உதிரிப்பாகத்தைத் திருப்பித் தரும்படியும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, முன்பு எந்த வேலையில் கணினி நின்றதோ அதே வேலையை இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அதுவரை நோட்டுப் புத்தகம் மேசைமேலேயே இருக்கட்டும்.