கல்லூரி வைஃபையில் பழைய வேகங்களை நிறுத்துவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

மதிய இடைவேளையில் நூலகத்துக்குள் இருக்கும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் வைஃபையைத் தேடும். சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் பக்கம் திறக்காது. உடனே வருகிற கோரிக்கை, "லைன் ஸ்பீடை ஏத்துங்க சார்." பல கல்லூரிகளில் லைனில் குறையே இருக்காது. காற்றில்தான் இடம் இருக்காது. அந்த இடத்தில் பெரிய பங்கை அடைத்துக்கொண்டிருப்பவை, 1999-ல் வந்த ஒரு வைஃபை தரத்துக்காக நாம் இன்னும் திறந்து வைத்திருக்கும் வேகங்கள்.

வடசென்னையில் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் கல்லூரி, பாலிடெக்னிக் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் லேப் அசிஸ்டென்ட்களையும், "கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்தானே, நீங்களே பாத்துக்கோங்க" என்று பொறுப்பு கொடுக்கப்பட்ட ஆசிரியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கல்லூரியின் வைஃபை பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் பக்கத்தைத் திறந்து ஒரு மெனுவை மாற்றத் தெரிந்தால் போதும்.

எதை நிறுத்துகிறோம், எதை நிறுத்தவில்லை

1999-ல் வந்த அந்தத் தரத்தின் பெயர் 802.11பி. அதற்கு நான்கே வேகங்கள்: 1, 2, 5.5, 11 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). 2003-ல் வந்த 802.11ஜி, சிக்னலை அனுப்பும் முறையையே மாற்றி 6-லிருந்து 54 வரை எட்டு வேகங்களைக் கொண்டுவந்தது. 2009-ல் வந்த 'என்' தரமும் அதற்குப் பின் வந்தவையும் இதே வழியில் வந்தவைதான். முதலில் சொன்ன நான்கு வேகங்களை மட்டும்தான் நாம் அணைக்கப்போகிறோம்.

வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸை அணைக்கப்போவதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் பகுதி மாணவர்களில் பலரிடம் இருப்பது வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் பயன்படுத்தும் விலை குறைந்த போன். அவற்றில் பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசை தெரியாது. ஆனால் ஜி, என் தரங்கள் நன்றாகவே தெரியும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களுக்கும் ஜி, என் தரங்கள் தெரியும். இந்த மாற்றத்தால் அந்த மாணவர்கள் யாரும் வெளியே தள்ளப்பட மாட்டார்கள். "பழைய போன்களை எடுத்துவிடுகிறோம்" என்று யாராவது அறிவித்தால் உடனே திருத்துங்கள். ஒரு பிள்ளை தன் போனைப் பார்த்துக் கூச்சப்படும்படி செய்ய இதில் எந்த அவசியமும் இல்லை.

சரி, அந்த நான்கு வேகங்கள் அப்படி என்ன செய்கின்றன?

ஒரு சேனலில், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1500 பைட் பேக்கெட் (தகவல் பொட்டலம்) ஒன்றை 54 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பக் கால் மில்லிசெகண்ட்கூட ஆகாது. அதையே 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லிசெகண்ட். அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். கல்மண்டபம் சந்தில் முன்னால் ஒரு மீன்பாடி வண்டி போனால், பின்னால் வருவது எவ்வளவு புது பஸ்ஸாக இருந்தாலும் அந்த வேகத்தில்தான் வர வேண்டும்.

பழைய கருவி ஒன்றுகூட இல்லாத கல்லூரியிலும் இந்த நஷ்டம் உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் (வைஃபை சிக்னலை வெளியிடும் பெட்டி) ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்புகிறது. அதை எல்லோருக்கும் கேட்கும்படி, செட்டிங்கில் 'கட்டாயம்' என்று குறித்திருக்கும் வேகங்களில் ஆகக் குறைந்ததில் அனுப்பும். 250 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் சுமார் 2.2 மில்லிசெகண்ட் எடுக்கும். மாணவர், ஆசிரியர், அலுவலகம், விருந்தினர் என்று நான்கு வைஃபை பெயர்கள். ஒரே சேனலில் ஒன்றுக்கொன்று காதில் விழும் நான்கு ஆக்சஸ் பாயின்ட்கள். மொத்தம் 16 பீக்கன், 35 மில்லிசெகண்ட். யாரும் ஒரு பைட்கூட டவுன்லோட் செய்யாத நேரத்திலேயே காற்றில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! அதே பீக்கன்களை 12 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் மொத்தமே 3 மில்லிசெகண்ட்தான்.

ஆக, நாம் திருத்த வேண்டியது நம் செட்டிங்கை. மாணவரின் போனை அல்ல.

படி 1: யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

கன்ட்ரோலரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறங்கள். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அது எந்தத் தரம் (பி, ஜி, என், ஏசி, ஏஎக்ஸ்) என்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால் 'பி' மட்டும் தெரிந்த கருவிகள் ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பக்கத்துப் பத்தியில் 'இப்போதைய வேகம் 1 எம்பிபிஎஸ்' என்று சில கருவிகளுக்குக் காட்டும். அதைப் பார்த்து "இதுதான் பழசு" என்று முடிவு கட்டாதீர்கள். தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் புத்தம் புது போனும் சிக்னல் குறைந்தால் 1-க்கு இறங்கும். அது கருவியின் தரம் அல்ல, அந்த நொடியின் நிலை. தரப் பத்தியை மட்டும் நம்புங்கள்.

ஒரே நாளில் எடுத்த பட்டியல் போதாது. மாதம் ஒருமுறை மட்டும் உயிர்பெறும் கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. சம்பள நாளில் ஓடும் அலுவலக பிரின்டர், நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்புக்கு மட்டும் வெளியே வரும் பார்கோடு ஸ்கேனர், வைஃபை வழியாகப் பேசும் பழைய தொலைபேசி... ஒரு மாதமாவது பட்டியலைச் சேமித்து வாருங்கள். ஒரு பரீட்சை நாளும் அதில் அடங்கட்டும்.

படி 2: கருவியை நேரில் போய்ப் பாருங்கள்

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மேக் முகவரி (அந்தக் கருவியின் அடையாள எண்) இருக்கும். அதன் முதல் பாதி, கருவியைத் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் தானாகப் போட்டுக்கொண்ட தற்காலிக முகவரி. அதைத் துரத்திப் பயனில்லை. அப்படி முகவரி மாற்றும் அளவுக்குப் புதிய போனுக்கு 'பி'-யைத் தாண்டிய தரங்கள் தெரிந்தே இருக்கும்.

மீதி இருப்பவற்றை நடந்துபோய்த் தேடுங்கள். இந்த வேலையை உட்கார்ந்த இடத்தில் முடிக்க முடியாது. ஒரு கல்லூரி நூலகத்தில் நான் பார்த்த பார்கோடு ஸ்கேனரின் கைப்பிடியில் ரப்பர் உரிந்து, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். பேட்டரி மூடிக்குப் பதில் மடித்த அட்டை. "தம்பி, இது ஓடலைன்னா ஸ்டாக் எடுக்க நாங்க கையால எழுதணும்," என்றார் நூலகர் அம்மா. கன்ட்ரோலரில் அது பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். நேரில் பார்த்தால்தான் அது யாருடைய வேலையைத் தாங்கி நிற்கிறது என்று தெரியும். மாற்று ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

மாற்று வழிகளில் எனக்குப் பிடித்தது கேபிள். பிரின்டரில் நெட்வொர்க் போர்ட் இருந்தால் ஒரு வயர் இழுத்துவிடுங்கள், விஷயம் முடிந்தது. பழைய டெஸ்க்டாப் என்றால் ரிச்சி தெருவில் ஒரு யுஎஸ்பி வைஃபை ஸ்டிக் வாங்கிச் செருகலாம். இரண்டுக்கும் வழியில்லாத கருவிக்கு மட்டும், மாற்று வாங்கும் வரை, தனியாக ஒரே ஒரு ஆக்சஸ் பாயின்டைக் குறைந்த பவரில் பழைய வேகங்களோடு விட்டுவைக்கலாம். அதற்கு ஒரு கடைசித் தேதி குறித்து முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேதி இல்லாத தற்காலிக ஏற்பாடு நிரந்தரமாகிவிடும்.

மாணவர்களின் புராஜெக்ட் போர்டுகளையும் மறக்காதீர்கள். அவற்றில் வரும் இஎஸ்பி8266, இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்கள் இரண்டுக்கும் பி, ஜி, என் மூன்றும் தெரியும். முன்கூட்டியே ஒரு போர்டை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 3: குறைந்தபட்ச வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்

6 அல்லது 12. ஆக்சஸ் பாயின்ட்கள் நெருக்கமாக இருக்கும் புதுக் கட்டடத்தில் 12 நன்றாக ஓடும். நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்கள் உண்டு. வேகம் கூடக் கூட பீக்கன் தெளிவாகக் கேட்கும் தூரம் குறையும் என்பதால் அங்கே 6-லிருந்து தொடங்குங்கள். போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியோடு ஒவ்வொரு வகுப்பின் கடைசி பெஞ்ச் வரை போய்ப் பாருங்கள். சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (செயலி காட்டும் சிக்னல் பல அளவு) கீழே போகும் இடங்களைக் குறித்து வையுங்கள். நாளை புகார் வரப்போவது அங்கிருந்துதான்.

படி 4: ஒரு கட்டடத்தில் மட்டும் மாற்றுங்கள்

முதலில் இப்போதைய செட்டிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மதிய நேரத்தில் சேனல் பயன்பாடு எத்தனை சதவீதம் என்பதையும் குறித்து வையுங்கள். பின்னால் ஒப்பிட இது வேண்டும்.

ரேடியோ செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு வேகத்துக்கும் கட்டாயம், அனுமதி, அணைப்பு என்று மூன்று நிலைகள் இருக்கும். 1, 2, 5.5, 11 நான்கையும் அணையுங்கள். 1, 2 மட்டும் அணைத்துவிட்டு 11-ஐ விட்டுவைப்பதில் பாதிப் பலன்தான். பி கருவி உள்ளே வர வாய்ப்பிருக்கும் வரை, அது வந்ததும் மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய முறையில் "வழி விடு" என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டியிருக்கும். அப்புறம் 6 அல்லது 12-ஐக் கட்டாயம் என்று வையுங்கள். அதற்கு மேலே உள்ளவை அனுமதியில் இருக்கட்டும். சில கன்ட்ரோலர்களில் இத்தனையும் 'குறைந்தபட்ச வேகம்' என்ற ஒரே பொத்தானுக்குள் அடங்கிவிடும்.

சேமித்ததும் ரேடியோ ஒருமுறை நின்று எழும், எல்லோரும் துண்டிக்கப்படுவார்கள். அதனால் வகுப்பு நேரம் வேண்டாம். பரீட்சைக் கட்டணம் கட்டும் கடைசி நாள் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை மாலை நல்ல நேரம்.

டபிள்யூஇபி, டிகேஐபி போன்ற பழைய வைஃபை பாதுகாப்புப் பூட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுக்க வேண்டும். ஆனால் அதே நாளில் செய்யாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதை உடைத்தது என்று தெரியாது.

அறிவிப்புப் பலகையில் இப்படி எழுதினால் போதும்: "வரும் சனிக்கிழமை மாலை கல்லூரி வைஃபையில் சில பழைய வேகங்கள் நிறுத்தப்படுகின்றன. உங்கள் போனில் எதையும் மாற்ற வேண்டாம். அதன்பின் வைஃபை பெயர் தெரியாவிட்டால் போனோடு கம்ப்யூட்டர் லேபுக்கு வரவும்."

படி 5: புகாரைக் காது கொடுத்துக் கேளுங்கள்

"வைஃபை பேரே வரல சார்" என்பது வேறு, "பேர் வருது, கனெக்ட் ஆகல" என்பது வேறு. பி மட்டும் தெரிந்த கருவிக்குப் புது பீக்கன் புரியவே புரியாது, அதனால் பெயரே தெரியாது. அல்லது அந்த இடத்தில் சிக்னல் போதவில்லை. ஆக்சஸ் பாயின்டுக்கு அடியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், எந்தக் காரணம் என்று தெரிந்துவிடும். பெயர் தெரிந்தும் இணையாவிட்டால் பெரும்பாலும் பாஸ்வேர்டு, நாம் செய்த மாற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு வாரம் கழித்து அதே மதிய நேரத்தில் சேனல் பயன்பாட்டைப் பாருங்கள். குறைந்திருக்கும், ஆனால் அடியோடு விழுந்திருக்காது. நம் தெருக்களில் கல்லூரி மதிலை ஒட்டியே வீடுகள். அந்த வீட்டு ரவுட்டர்கள் இன்னும் 1 எம்பிபிஎஸ்ஸில்தான் பீக்கன் அனுப்பிக்கொண்டிருக்கும். 1, 6, 11 என்று ஒன்றோடொன்று மோதாத மூன்றே சேனல்தான் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால் அதற்கு நம்மால் ஆகக்கூடியது குறைவு. லேப் கம்ப்யூட்டர்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, நான்கு வைஃபை பெயர்களை இரண்டாகக் குறைத்தால் மீதி இடமும் கிடைக்கும். மற்றக் கட்டடங்களை அதற்குப் பின் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு கொடுத்த கருவிகளை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், கல்லூரி வைஃபை பாஸ்வேர்டு அதற்குள் இருக்கும். ஸ்டாக் ரெஜிஸ்டரில் கண்டம் செய்ததாக (பயனில்லை என்று நீக்கியதாக) எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டால் அது கடைசியில் கொடுங்கையூர் குப்பைமேட்டில் எரியக்கூடும். அந்தப் புகையைச் சுவாசிக்கும் வீடுகளிலிருந்தும் நம் வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.