கார்க்குக்கு வரும் நம்மவர்களுக்கு: ‘ஐ வில்’ வேறு, ‘ஐ வில், யா’ வேறு

அயர்லாந்தில் வேலை கிடைத்துவிட்டது என்று தொலைபேசியில் சொல்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அங்கே இட்லி அரிசி கிடைக்குமா என்பதுதான். கிடைக்கும். உளுந்து, நல்லெண்ணெய், பெருங்காயம், புளி எல்லாமே கார்க் நகரத்து ஆசியக் கடைகளில் இருக்கின்றன. அடுத்து குளிரைப் பற்றிக் கேட்பார்கள். குளிரைவிட மழையும் காற்றும்தான் தொல்லை. ஊரிலிருந்து குடை கொண்டுவராதீர்கள், ஒரே வாரத்தில் கம்பி முறிந்துவிடும். தலைமூடி வைத்த மழைச்சட்டை ஒன்று இங்கே வந்து வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் வந்தபோது நானும் கேட்கவில்லை, சொல்லித் தரவும் ஆளில்லை. இவர்கள் பேசுவதை எப்படிக் காதில் வாங்குவது என்பதுதான் அந்தக் கேள்வி.

காகித வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வந்த 90 நாட்களுக்குள் குடிவரவுப் பதிவை முடிக்க வேண்டும், கட்டணம் 300 யூரோ. வரிக்கும் அரசுச் சேவைகளுக்கும் தேவைப்படும் பி.பி.எஸ். எண்ணுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் சம்பளம் வாங்கினால் அவசர வரி என்று ஒரு பெரிய தொகையைப் பிடித்துவிடுவார்கள், பிறகு திரும்ப வரும் என்றாலும் முதல் மாதம் கையைக் கடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் எயர்கோடு என்று எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஏழு இலக்கம் கொண்ட முகவரிக் குறியீடு உண்டு, அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். இவை எல்லாம் அரசு இணையதளங்களில் தெளிவாகவே இருக்கின்றன. நான் சொல்லப்போவது எந்த இணையதளத்திலும் இல்லை.

அப்போது கார்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்து எனக்கு நான்காவது மாதம். என் கணவரும் ஐந்து வயது மகளும் டிசம்பர் 26 காலை டப்ளினில் வந்து இறங்குவதாக இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று டப்ளின் விமான நிலையமே மூடிக் கிடக்கும், அதனால் மறுநாளுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. இங்கிருந்து டப்ளின் 250 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அன்று எனக்குக் காலை ஷிப்ட். 26ஆம் தேதியை இவர்கள் செயின்ட் ஸ்டீபன்ஸ் டே என்பார்கள். பாக்சிங் டே என்று சொல்லிவிடாதீர்கள், அது இங்கிலாந்துக்காரர்களின் பேச்சு. அன்று பொது விடுமுறை, எல்லோரும் வீட்டில் உறவுகளோடு இருக்கும் நாள். நம் மாட்டுப்பொங்கல் அன்று ஒருவரிடம் போய், எனக்குப் பதிலாக வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்பதைப் போலத்தான் அது. அப்போது எனக்கு இது தெரியாது.

ஓய்வறையில் உடன் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டேன். நல்ல மனிதர், முதல் நாளிலிருந்தே எனக்கு உதவியவர். கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, குரலை இழுத்து, “ஐ வில், யா” என்றார். அங்கே இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். என் கஷ்டம் தீர்ந்ததற்கு அவர்களும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். 24ஆம் தேதி மாலை, ஒரு டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, ரொம்ப நன்றி என்றேன். கிறிஸ்துமஸுக்காகக் கொடுக்கிறேன் என்று எண்ணி, இதெல்லாம் எதற்கு என்று வாங்கிக்கொண்டார்.

26ஆம் தேதி விடியற்காலையில் தோழியின் காரில் கிளம்பினோம். எட்டு மணி ஆகிச் சில நிமிடங்களில் தொலைபேசி அடித்தது. ஷிப்டுக்கு ஏன் வரவில்லை? நான் அவர் பெயரைச் சொன்னேன். அவர் அன்று பட்டியலிலேயே இல்லை, எழுத்தில் எதுவும் இல்லை என்றார்கள். இரவு முழுக்க நின்ற நர்ஸ் இன்னும் நான்கு மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கிறார். என் மகள் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓடிவந்தபோது நான் ஒரு கையால் அவளைத் தூக்கிக்கொண்டு மறுகையால் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். பல மாதம் கழித்துப் பிள்ளையைப் பார்க்கும் நேரம் அப்படிப் போயிற்று. எழுத்தில் எச்சரிக்கை வந்தது. தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். ஊரில் பத்து வருடம் வேலை பார்த்து ஒரு குறிப்பாணை வாங்காதவள் நான்.

அந்த மனிதர் விஷயம் தெரிந்ததும் வெளுத்துப்போனார். விளையாட்டுக்குச் சொன்னது, யாராக இருந்தாலும் புரிந்திருக்குமே என்றார். மேலாளரிடம் தானே போய்ப் பேசினார், பயனில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபம் தணியப் பல வாரமாயிற்று.

அதைத் தணித்தவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பாட்டி. இங்கே எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, மனதுக்குள் பாட்டி என்று சொல்லிக்கொண்டு வாயால் அவர் பெயரைச் சொல்வேன். கார்க் மாவட்டத்தின் மேற்கே இன்னும் ஐரிஷ் மொழி பேசும் பகுதியில் பிறந்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: ஐரிஷ் மொழியில் ‘யெஸ்’, ‘நோ’ என்ற இரண்டு சொற்களே கிடையாது. வருவாயா என்றால் வருவேன், வரமாட்டேன் என்றுதான் பதில். அந்தப் பழக்கம் அவர்கள் பேசும் ஆங்கிலத்திலும் அப்படியே தங்கிவிட்டது. அதனால் செய்கிறவன் ‘ஐ வில்’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வான். அந்த ‘யா’ ஒட்டிக்கொண்டால், அதுவும் குரல் கீழே இறங்கி ஒட்டிக்கொண்டால், சத்தியமாகச் செய்ய மாட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பிட்டாயா என்றால் நாமும் சாப்பிட்டேன் என்றுதானே சொல்கிறோம்? ‘அவன் பணத்தைத் திருப்பித் தருவானா?’ என்று கேட்டால், ‘ஆமாம், தருவான் தருவான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் இழுத்துச் சொன்னதைக் கேட்டு யாராவது பணம் வரும் என்று நம்பியிருக்கிறோமா? சொந்த மொழியில் காது குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிடுகிறது. அந்நிய மொழியில் சொல்லைப் பிடிப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடுகிறது, குரல் நழுவிவிடுகிறது. நம் ஆங்கிலம் பரீட்சையில் தேறிய ஆங்கிலம். அதில் ‘ஐ வில்’ என்றால் வாக்குறுதி.

ஆகவே கண்டிப்பாகச் செய்ய வேண்டியது: ஷிப்ட் மாற்றுவதாக இருந்தால் அதற்குரிய படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, மேலாளர் ரோஸ்டரில் பெயரை மாற்றிய பிறகுதான் அது மாறியதாகக் கணக்கு. படிவம் இல்லாத இடத்தில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பதில் வாங்குங்கள். இப்படிக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம், யாரும் நினைப்பதில்லை. ‘ஐ’ல் கிவ் யூ எ ஷௌட்’ என்று வீட்டுத் தரகரோ வேறு யாரோ சொன்னால், அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு நாளில் நீங்களே அழையுங்கள். ‘கிராண்ட்’ என்பது பிரமாதம் என்று பொருள்படாது, பரவாயில்லை என்பதுதான். தேநீர் வேண்டுமா என்றதற்கு ‘ஐ’ம் கிராண்ட்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம், ஆனாலும் இன்னொரு முறை கேட்க வேண்டும். முதல் தடவையே வேண்டும் என்று சொல்வது இவர்களுக்கும் கூச்சம். இந்த ஒன்றில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை, நம் வீட்டு வாசலில் பார்த்ததுதான்.

நேரம் சொல்வதிலும் கவனமாக இருங்கள். ‘ஹாஃப் ஃபைவ்’ என்றால் ஐந்தரை, நான்கரை அல்ல. ‘டியூஸ்டே வீக்’ என்றால் வரும் செவ்வாய் இல்லை, அதற்கு அடுத்த செவ்வாய். கார்க்கில் ஷாண்டன் என்ற மேட்டின் மேல் செயின்ட் ஆன் தேவாலயம் இருக்கிறது. அதன் கோபுரத்தில் நான்கு பக்கமும் கடிகாரம், நான்கும் பல சமயம் வெவ்வேறு நேரம் காட்டும். ஊர்க்காரர்கள் அதற்கு ‘நான்கு முகப் பொய்யன்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

சில சொற்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அழுகை மிச்சம். ‘யுவர் மேன்’ என்றால் உங்கள் கணவர் இல்லை, அந்த ஆள் என்று பொருள். ‘ஹாட் பிரஸ்’ என்பது துணிகளைச் சூடாக வைக்கும் அலமாரி. ‘கிவ்விங் அவுட்’ என்றால் திட்டுவது. ‘வாட்ஸ் த கிராக்’ என்று கேட்டால் பதற வேண்டாம், என்ன சேதி என்று கேட்கிறார்கள். பெயர்களை எழுத்தைப் பார்த்துப் படிக்கவே முடியாது. ஷிவான், நீவ், ஈஃபா என்ற பெயர்களெல்லாம் காகிதத்தில் வேறு உருவில் இருக்கும். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். நம் ழகரத்தை அவர்களுக்கு நாம் சொல்லித் தருகிறோமே, அதைப் போல.

கிண்டலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களோடு மிகவும் மரியாதையாகப் பேசினால் இன்னும் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பொருள். வாரத் தொடங்கிவிட்டால் நீங்கள் அவர்களில் ஒருவர். ஆனால் எதில் வாரக் கூடாது என்றும் இருக்கிறது. மட்டையும் பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் இவர்களின் சொந்த விளையாட்டு. 2025 அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதிப் போட்டியில் கார்க் அணி இடைவேளையில் 6 புள்ளி முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதி முழுவதும் 2 புள்ளி மட்டுமே எடுத்து, டிப்பரரியிடம் 15 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. அதற்கு முந்தைய ஆண்டு இறுதிப் போட்டியில் கிளேர் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 2025 தோல்விக்கு மறுநாள் திங்கட்கிழமை எங்கள் இல்லத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. ஹர்லிங் புரியாவிட்டாலும் ஒரு கோலுக்கு மூன்று புள்ளி என்பதையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு மணிக்கு எங்கள் கூடத்தில் தொலைக்காட்சியில் ஆஞ்சலஸ் என்ற கத்தோலிக்க ஜெப மணி ஒலிக்கும். மொத்தம் பதினெட்டு அடி. அதற்காகவே நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ. தன் மாலைச் செய்தியை 6.01க்குத்தான் தொடங்குகிறது. மணி ஒலிக்கும்போது தட்டோடு நடந்துபோன என்னை முதல் நாள் ஒரு தாத்தா கையைப் பிடித்து நிறுத்தினார். இப்போது நானே நின்றுவிடுகிறேன். நான் திசையன்விளைப் பக்கத்துப் பெண். சாயங்காலம் இடையன்குடிக்கு அத்தை வீட்டுக்குப் போனால் காதில் விழும் கோயில் மணிதான் எனக்கு நினைவு வரும்.

இடையன்குடி என்றதும் கால்டுவெல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அவர் 1814இல் பிறந்தது இந்தத் தீவில்தான், ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்ற ஊரில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். எங்கள் ஊர் மண்ணில் அடங்கியிருக்கும் மனிதர் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. ஆனால் ஆன்ட்ரிம் இருப்பது வட அயர்லாந்தில், அது யு.கே.யைச் சேர்ந்தது. எல்லையில் சாவடி இருக்காது. சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறுவதுதான் அடையாளம். யாரும் கேட்கவில்லை என்று இந்தியக் கடவுச்சீட்டோடு போய்விடாதீர்கள். இங்கே வாழ உரிமை இருந்தாலும் அங்கே போகத் தனி விசா வேண்டும். ‘சும்மா போய்ட்டு வாங்க’ என்று சொல்லும் நம்மவர் பேச்சை நம்பாதீர்கள், பிடிபட்டால் அவர் வந்து நிற்க மாட்டார்.

பாட்டி சென்ற ஆண்டு காலமானார். இறப்புச் செய்தியை இங்கே சுவரொட்டியில் போடுவதில்லை. மாவட்ட வானொலி பலவற்றில் பெயர்களை வாசிப்பார்கள், இணையத்தில் தினமும் பார்ப்பவர்களும் உண்டு. உடன் வேலை செய்பவரின் தாயோ தகப்பனோ இறந்தால் அவசியம் போங்கள். அறிமுகம் போதாதே என்று தயங்காதீர்கள், நம் ஊரைப் போலவே யார் வந்தார்கள் என்பது அந்த வீட்டுக்கு நினைவிருக்கும். வரிசையில் நின்று கைகொடுத்து, “சாரி ஃபார் யுவர் ட்ரபிள்” என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு மாதம் கழித்து ‘மந்த்ஸ் மைண்ட்’ என்று நினைவுத் திருப்பலி வைப்பார்கள். அதற்கும் போனேன். பாட்டியின் மகள் என் கையை விடாமல் உள்ளே அழைத்துப்போய், மூன்று முறை கேட்டு, தேநீர் கொடுத்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் தட்டு நிறையச் சாண்ட்விச். எனக்கு என் அப்பாவின் பதினாறாம் நாள் பந்தி கண்ணில் நின்றது.

அன்று என்னை ஏமாற்றாமலேயே ஏமாந்துபோக வைத்த அந்த நண்பரும் அங்கே வந்திருந்தார். இப்போது அவருக்கும் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது. இந்த டிசம்பர் 26 அன்று அவருடைய ஷிப்டை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.