பிரான்சின் பழைய மரச்சட்ட வீடு: முகப்பைப் பழுது பார்ப்பது எப்படி

பாரிஸ் வோல்தா தெருவின் 3ஆம் எண் வீடுதான் நகரத்திலேயே பழையது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1979இல் ஆராய்ந்து பார்த்ததில் அது 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று தெரிந்தது. கண்ணால் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. உத்திரங்களைத் துளைத்து மாதிரி எடுத்து, மர வளையங்களை ஆராயச் சொல்லுங்கள். பட்டை ஒட்டிய விளிம்பு வரை மாதிரியில் இருந்தால்தான் மரம் வெட்டிய ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும்.

அடுத்தது அனுமதி. வீடு பாதுகாக்கப்பட்ட சின்னமாகவோ, பொதுவாக அப்படியொன்றின் 500 மீட்டர் வட்டத்துக்குள்ளோ, 1962ஆம் ஆண்டு மால்ரோ சட்டம் கொண்டுவந்த பாதுகாப்புப் பகுதியிலோ இருந்தால், அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தைப் பெறாமல் முகப்பில் கை வைக்கக் கூடாது.

பூச்சை உரித்து மரத்தை வெளியே காட்டும் ஆசைக்கும் கொஞ்சம் கடிவாளம் போடுங்கள். தீக்கு அஞ்சி, மரச்சட்டங்களைப் பூசி மறைக்கும்படி பாரிஸில் 1667இல் ஆணையே போட்டார்கள். மரத்தில் பூச்சு பிடிப்பதற்கான கோடரிக் கொத்தலும் ரீப்பர் ஆணித் துளைகளும் தெரிந்தால், அதைத் திரும்பப் பூசுவதே சரி. ஆன்ஷே நகரில் 1491 வாக்கில் எழுந்த ஆதாம் வீட்டைப் போல் சிற்பம் செதுக்கிய மரமென்றால் விஷயம் வேறு.

சிமெண்ட் பூச்சு மட்டும் எங்கிருந்தாலும் போயாக வேண்டும். மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்பப் பெருத்துச் சுருங்கும், சிமெண்ட் அசையாது. இடையில் விழும் மயிரிழை விரிசலில் மழை நீர் இறங்கி, வெளியேற வழியின்றி அடியுத்திரத்தில் தங்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். தூணின் அடியில் குத்தூசியை அழுத்தினால் இரண்டு விரற்கடை உள்ளே போகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

உளுத்த பகுதியை அறுக்கும் முன் மேல்தளங்களுக்கு முட்டுக் கொடுங்கள். நல்ல மரம் வரும் வரை மட்டும் வெட்டி, சாய்வெட்டு இணைப்பில் புது ஓக் துண்டைச் சேருங்கள். கழுந்தின், அதாவது எதிர் மரத்தின் குழிக்குள் நுழையும் நாக்கின், துளையை அதன் தோள் பக்கமாக (நாக்கு தொடங்கும் படியை நோக்கி) 2 மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால், மர ஆணி அடிக்கும்போது இணைப்பு தானே இறுகும். சாதா இரும்புத் திருகு வேண்டாம். ஓக்கின் துவர்ப்பு அதை அரித்து, மரத்தையும் கறுப்பாக்கும்.

சட்டங்களுக்கு இடையே குச்சிகளைச் செருகி, களிமண்ணும் வைக்கோலும் மிதித்துப் பிசைந்த கலவையை இரு பக்கமிருந்தும் அழுத்துங்கள். வைக்கோல் குறைந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். சுண்ணாம்புப் பூச்சுக்கென்று ஒரு சென்டிமீட்டர் உள்வாங்கி நிறுத்துங்கள். மண் காய வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் பூச்சு கழன்று வரும். மரத்தோரம் விழும் இடைவெளியை அதே கலவையால் அடைக்கலாம்.

பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக் கூழ், இரண்டரைப் பங்கு கூர்மணல். மண்ணை நனைத்துவிட்டுப் பூசி, மரத்தின் முகத்தோடு சமமாக நிறுத்துங்கள். வெளியே துருத்தினால் அந்த விளிம்பில் தங்கும் நீர் மறுபடி மரத்துக்குள்தான் போகும். 5 டிகிரிக்குக் கீழே பூசக் கூடாது. கோடை வெயிலென்றால் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் பொடியாக உதிரும்.