எரிந்த புல்வெளி வரைபடத்தை எப்படிச் சரிபார்ப்பது: செட்டிநாட்டுப் பொட்டல்களை வைத்து

செயற்கைக்கோள் வரைபடத்துக்கு 97 சதவீதத் துல்லியம் என்று சான்று இருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நூற்றுக்கு ஐந்து பங்கு நிலம்தான் எரிந்தது என்றால், எதுவுமே எரியவில்லை என்று காட்டும் வரைபடமும் 95 சதவீதம் சரிதான். எரியாததை எரிந்ததாகக் காட்டிய மிகைப்பிழை, எரிந்ததை விட்டுவிட்ட விடுபிழை என்று இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே 5,000 ஹெக்டேர் எடுத்துக்கொள்வோம். வரைபடம் 200 ஹெக்டேரை எரிந்ததாகக் காட்டுகிறது. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் எரிந்த பகுதிக்குள் 100 புள்ளிகள், எரியாத பகுதிக்குள் 200 புள்ளிகள் குருட்டாம்போக்கில் போடுங்கள். பாதையோரமாகப் பார்த்துப் பொறுக்கினால் கணக்கே கெட்டுவிடும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் வரைபடக் காலத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். 12, 8, 4 அலைவரிசைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக வைத்தால் எரிந்த இடம் கருஞ்சிவப்பாகத் தெரியும். இரண்டு பேர், வரைபடத்தைப் பார்க்காமல், தனித்தனியே தீர்ப்பெழுத வேண்டும். முரண்பட்ட புள்ளிகளுக்கு நேரில் போங்கள். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும்; எரிந்த திட்டின் விளிம்பில் நின்று குறிக்காதீர்கள். சாம்பலைக் காற்று அடித்துப் போயிருக்கும், புல் தூரின் கருகிய அடியைப் பாருங்கள்.

100-ல் 80 சரி, 200-ல் 4 உண்மையில் எரிந்தவை என்று வந்தால், புள்ளிகளை அப்படியே எண்ணி 84-க்கு 4, விடுபிழை 5 சதவீதம்கூட இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. எரியாத பகுதி 4,800 ஹெக்டேர், அதில் 200 புள்ளிகள்; ஆகவே ஒவ்வொரு புள்ளியும் 24 ஹெக்டேருக்குப் பேசுகிறது. எரிந்த பகுதியின் புள்ளி 2 ஹெக்டேருக்கு மட்டுமே. ஆகவே சரியாகப் பிடித்தது 160 ஹெக்டேர், தவறவிட்டது 96. உண்மையில் எரிந்தது 256 ஹெக்டேர், விடுபிழை 37.5 சதவீதம், மிகைப்பிழை 20. இத்தனை பிழையோடும் மொத்தத் துல்லியம் 97 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது! அந்த 96-ஐத் தாங்குவது நாலே புள்ளிகள். அதனால் எரியாத பகுதிக்குப் புள்ளிகளை இன்னும் கூட்டுவது நல்லது.

சிறு தீக்கள்தான் அதிகம் விடுபடும். சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில் 2016-க்குச் சென்டினல்-2 வரைபடம், 500 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கும் மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள கருவி) வரைபடத்தைவிட 80 சதவீதம் கூடுதல் பரப்பைக் காட்டியது. மழைக்குப் பின் புல் துளிர்த்தால் தடமும் மறைந்துவிடும்.

மிகைப்பிழைக்கு இங்கே முக்கியக் காரணங்கள்: வற்றி ஈரச் சேறு தெரியும் கண்மாய், மொட்டையாக வெட்டிய தைலமரக் காடு, சீமைக்கருவேலக் கரிமூட்டம் போட்ட இடம். அறுவடை முடிந்து தாள் கொளுத்திய வயல் உண்மையிலேயே எரிந்ததுதான். அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் புள்ளி போடும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.