பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பவர் ஏற்றுகிறீர்களா? டிரைவ்லைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சினைக் கட்டி முடித்து, டைனோவில் (பவரை அளக்கும் கருவி) வந்த எண்ணைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிய பிறகுதான் பலருக்கும் டிரைவ்லைன், அதாவது எஞ்சினின் பவரைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கிளட்ச் முதல் ஆக்சில் வரையிலான பாகங்கள், ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கும், இல்லையென்றால் பின்சக்கரங்களுக்கு நடுவே பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஊளையிடும். புதிதாக இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கார் மாறுகிறது, ஆள் மாறுகிறார், தவறுகளின் வரிசை மட்டும் மாறவே இல்லை.

ஆயில் ஊற்ற மறப்பது, போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்குவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை பட்டால் போதும், தானாகத் திருந்திவிடும்.

குதிரைத்திறனைப் பார்த்துப் பாகம் வாங்குவது

"இந்த கியர்பாக்ஸ் 200 குதிரைத்திறன் தாங்குமா?" கேள்வியே தப்பு. கியர்பாக்ஸின் பல்லுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் தெரிந்தது டார்க் (சுழற்றும் விசை) மட்டும்தான். அதே 200 குதிரைத்திறன் 7,500 ஆர்பிஎம்மில் வந்தால் டார்க் சுமார் 190 நியூட்டன் மீட்டர். டர்போ போட்டு 3,500-லேயே வரவழைத்தால் 400-ஐத் தாண்டிவிடும். முதல் கியரின் விகிதம் 3.5, டிஃபரன்ஷியலில் இருக்கும் ஃபைனல் டிரைவின் விகிதம் 3.9 என்று வையுங்கள்: 400 நியூட்டன் மீட்டர் ஆக்சிலுக்கு வரும்போது 5,400-க்கு மேல் ஆகிவிடுகிறது.

அந்த முழு எண்ணும் ஆக்சிலுக்கு வருமா என்பதை டயர்தான் முடிவு செய்கிறது. ஒல்லியான பழைய டயர் சுழன்று வழுக்கி, ஒரு ஃப்யூஸ் போல மற்றதையெல்லாம் காப்பாற்றிவிடும். எஞ்சினைத் தொடாமல் நல்ல பிடிப்புள்ள அகல டயர் மாட்டியவர்கள்கூட ஆக்சில் ஷாஃப்டை முறித்துக்கொண்டு வருவது இதனால்தான். டயரும் டிரைவ்லைன் கணக்கில் சேர்ந்தது.

இன்னொன்று. ஒரே ஹவுசிங்குக்குள் ஃபைனல் டிரைவ் விகிதம் 3.08-ஐ எடுத்துவிட்டு 4.11 மாட்டினால், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் இன்னும் சிறியதாகிறது, பலமும் குறைகிறது. வேகமாகக் கிளம்ப வேண்டும் என்று விகிதத்தை ஏற்றுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பெடல் கனமாக இருந்தால் கிளட்ச் பலமானது என்று நம்புவது

கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்பது அழுத்தம், உராய்வு, தட்டின் சராசரி ஆரம் மூன்றையும் பொறுத்தது. எளிதாகக் கிடைக்கிறதே என்று எல்லோரும் அழுத்தத்தை மட்டும் கூட்டுகிறார்கள். பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தம் கிராங்க் ஷாஃப்டை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய த்ரஸ்ட் வாஷர்.

ட்ரையம்ஃப் டிஆர்6-இன் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு இது பெயர் போன வியாதி. பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும். அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கை உரசும். அப்படிப்பட்ட எஞ்சினில் கனமான பிரஷர் பிளேட் மாட்டி, ஒவ்வொரு சிக்னலிலும் பெடலை மிதித்தபடியே நின்றால் பிளாக்கைப் பாழாக்க வழி தேடிக்கொண்டதாக அர்த்தம். இடமிருந்தால் பெரிய விட்டத்துக்குப் போங்கள், இல்லையென்றால் நல்ல லைனிங் போடுங்கள். கிராங்க் கப்பியில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் அளவுகருவி) வைத்து, யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லி, எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

டிஃபரன்ஷியலை வெல்டிங் அடிப்பது

இரண்டு சக்கரங்களும் எப்போதும் ஒன்றாகவே சுழலும்படி உள்ளே பற்றவைத்துப் பூட்டிவிடுவது. ரோட்டில் ஓட்டும் காருக்கு வேண்டாம்.

பினியன் நட்டைப் பின்னால் திருப்புவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

பல பழைய ஆக்சில்களில் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே மெல்லிய குழாய் ஒன்று இருக்கும்: க்ரஷ் ஸ்லீவ். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங்குகளுக்குத் தேவையான முன்னழுத்தம் (ஆட்டமில்லாமல் பிடித்து வைக்கும் இறுக்கம்) வரும். நசுங்கிய ஸ்லீவ் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் நட்டும் இறுகி நிற்கிறது. பாதுகாப்பு முழுக்க அந்தத் தள்ளுதலில்தான் இருக்கிறது.

ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே நீளமான கம்பியும் உடம்பின் முழு எடையும் வேண்டும். 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் போவது சாதாரணம். அசையாது, அசையாது, திடீரென்று விட்டுக்கொடுக்கும். அதன் பிறகு நட்டில் ஒரு நூல் அளவு திருப்பினாலும் முன்னழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். இம்பாக்ட் கன்னை வைத்து "டர்ர்ர்" என்று அடித்தால் நிறுத்த வேண்டிய இடம் எப்போதோ போயிருக்கும். பினியன் கையால் சுற்ற முடியாதபடி இறுகி நிற்கும்.

இங்கேதான் அந்தப் பாவம் நடக்கிறது. நட்டை எதிர்ப்பக்கம் கால் சுற்று திருப்பினால் பினியன் லேசாகச் சுற்றும், கைக்கு நன்றாகவும் இருக்கும். "சரியாகிவிட்டது" என்று மூடிவிடுகிறார்கள். நசுங்கிய ஸ்லீவ் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அது எதையும் தள்ளுவதில்லை, பேரிங்கைப் பிடித்து வைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பினியன் கிரவுன் வீலை விட்டு வெளியே தள்ளப்படும், காலை எடுத்தால் உள்ளே இழுக்கப்படும். பவர் கூடிய காரில் இந்த ஆட்டமும் கூடும்.

ஒரு காரை இப்படித்தான் கொண்டுவந்தார்கள். உயர்ரக லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), க்ரோம்மோலி எஃகு ஆக்சில் ஷாஃப்ட், செலவுக்குக் குறைவே இல்லை. மிதிக்கும்போது அமைதி, நெடுஞ்சாலையில் காலை எடுத்ததும் ஊளை. கிரவுன் பினியன் செட்டே மோசம் என்று முடிவு கட்டி, அதை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் இருந்தார்கள். அடுத்த செட்டுக்கும் ஆர்டர் கொடுக்கத் தயார். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, அது பினியனோடு சேரும் ஃப்ளாஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். 'டிக், டிக்' என்று கையிலேயே தட்டுப்பட்டது. கவரைத் திறந்தால் பற்களில் பளபளப்பு ஓரத்துக்கு ஓடியிருந்தது, இரண்டு பற்களில் முனை பெயர்ந்திருந்தது. அந்தத் தூள் லிமிடெட் ஸ்லிப்பின் தட்டுகளுக்குள்ளும் சைடு பேரிங்குகளுக்குள்ளும் புகுந்து எல்லாவற்றையும் தின்றிருந்தது. காரணம், ஒரு ஸ்லீவ். டிஃபரன்ஷியலில் ஊற்றும் ஆயிலைவிட விலை குறைந்த பாகம். கட்டிய ஆளிடம் கேட்டால் "கொஞ்சம்தான் லூஸ் பண்ணினேன்" என்கிறார்!

செய்ய வேண்டியது இது. இறுக்கம் அளவைத் தாண்டிவிட்டால் கழற்றி, புது ஸ்லீவ் போட்டு, முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஃப்ளாஞ்சைக் கம்பியால் பிடித்துக்கொண்டு கையாலேயே முறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் கொஞ்சம் முறுக்கி, பினியனைப் பல சுற்று சுற்றி உருளைகளை உட்காரவைத்து, அளந்து, அப்புறம் அடுத்த முறுக்கு. அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஃப்ளாஞ்சில் நூல் சுற்றி ஸ்ப்ரிங் தராசால் சீராக இழுங்கள். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்றால், 2 நியூட்டன் மீட்டருக்குத் தராசு சுமார் 4 கிலோ காட்டும். புது பேரிங்குக்குப் பொதுவாக 1 முதல் 3 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. உங்கள் ஆக்சிலின் சரியான எண் அதன் மேனுவலில் இருக்கும்.

பவருக்காகவே கட்டுகிறீர்கள் என்றால் ஸ்லீவையே தூக்கிவிட்டு, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்யும் திடமான ஸ்பேசர் போடுவது என் விருப்பம். பொறுமையைச் சோதிக்கும், ஷிம்மை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும். ஆனால் நட்டை முழு டார்க்கில் இறுக்கலாம், அதிர்ச்சி வந்தாலும் அளவு மாறாது.

ஷாஃப்டை மட்டும் மாற்றிக் கோணத்தை விட்டுவிடுவது

புது கியர்பாக்ஸ் வேறு நீளம், வேறு மவுண்டிங். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி பேலன்ஸ் செய்து மாட்டிவிடுகிறார்கள், அதிர்வு வந்ததும் பேலன்ஸ் செய்தவரைத் திட்டுகிறார்கள். கியர்பாக்ஸ் வெளிவரும் கோடும் பினியன் கோடும் இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் மூட்டான யு ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் கோணம் 3 டிகிரிக்குள் நிற்கட்டும். சுழியமும் ஆகாது, ஜாயிண்ட்டுக்குள் இருக்கும் ஊசி உருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் குழி பறிக்கும். லீஃப் ஸ்ப்ரிங் ஆக்சிலில் மிதிக்கும்போது பினியனின் மூக்கு மேலே தூக்கும், அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் கீழே சாய்த்து வையுங்கள்.

மவுண்டிங்கை மறப்பது

டிஆர்6-இல் டிஃபரன்ஷியல் சேஸிஸில் பற்றவைத்த தாங்கிகளில்தான் தொங்குகிறது. கம்பெனி பவருக்கே அந்த இடம் விரிசல் விடும். தகடு வைத்துப் பலப்படுத்திய பிறகு மற்றதைப் பேசலாம். டாட்சன் 240இசட்-இல் ஆர்180 டிஃபரன்ஷியலை எடுத்து ஆர்200 போடுகிறார்கள், கிரவுன் வீல் விட்டம் 180 மில்லிமீட்டரிலிருந்து 200 ஆகிறது, நல்ல மாற்றம். கிழிந்த முன் ரப்பரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு "டக்" சத்தம் போகவில்லையே என்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5. பித்தளை சிங்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4.

புது கிரவுன் பினியனை அன்றே விரட்டுவது

முதல் ஓட்டம் 15, 20 நிமிடம், மிதமான வேகம், பிறகு முழுக்க ஆறவிடுங்கள். இப்படிச் சில தடவை. 800 கிலோமீட்டர் வாக்கில் ஆயிலை வடித்து, ட்ரெயின் பிளக்கின் காந்தத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் கவலையில்லை. விரலில் குத்தும் சில்லு வந்தால் புது ஆயிலை ஊற்றாதீர்கள், கவரைத் திறங்கள்.