பழைய வெயில் கணக்கை எடுப்பது எப்படி? சென்னையின் மே 31-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

2003 மே 31 அன்று சென்னையில் எவ்வளவு வெயில் என்று தேடினால் பதில் உடனே கிடைத்துவிடும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ். கத்திரி முடிந்து, இனி தணியும் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் அடித்த வெயில் அது. ஆனால் 1996 மே 31, இல்லை உங்கள் வீட்டுக் கல்யாணம் நடந்த ஏதோ ஒரு மே 27 என்று பேர் எடுக்காத ஒரு நாளைத் தேடிப் பாருங்கள், மூன்று இடத்தில் மூன்று எண் வரும், மூன்றும் அடித்துச் சொல்லும். அதில் எதை நம்புவது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது.

முதலில் ஊரை மறந்துவிட்டு நிலையத்தைப் பிடியுங்கள். பதிவேட்டில் இருப்பது ஊரின் வெப்பநிலை கிடையாது, ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் நிழலில் தொங்குகிற ஒரு வெப்பமானியின் வெப்பநிலை. சென்னைக்கு இப்படிப் பழைய பதிவு உள்ள பெட்டிகள் முக்கியமாக இரண்டு: ஒன்று நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இன்னொன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில். நுங்கம்பாக்கம் கடலுக்குக் கிட்டே, மீனம்பாக்கம் உள்ளே தள்ளி. மத்தியானம் கடல்காற்று முதலில் வந்து சேர்வது நுங்கம்பாக்கத்துக்குத்தான் என்பதால் ஒரே நாளில் இரண்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். தேடும்போது பெயரை நம்பாதீர்கள், மெட்ராஸ், சென்னை, மினம்பாக்கம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். உலக வானிலை அமைப்பின் நிலைய எண்ணைப் போட்டுத் தேடுங்கள்: நுங்கம்பாக்கம் 43278, மீனம்பாக்கம் 43279.

இந்த நுங்கம்பாக்கம் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டிய இடம் இது. அதன் கருங்கல் தூண் தமிழ்க் கல்வெட்டோடு இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. இந்திய வானிலைத் துறையே 1875-ல்தான் தொடங்கியது என்பதை நினைத்தால், நம் ஊரில் வானத்தைக் கணக்கெடுக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்று புரியும்.

சரி, அடுத்தது தேதி. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நமக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது, மழைக் கணக்குக்குக் காலை 8.30-க்கு மாறுகிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது எல்லாம் இன்றைய தேதியில் ஏறும். 2015 டிசம்பர் 1 அன்று பகலும் இரவும் கொட்டிய அந்த மழையைப் பதிவேட்டில் டிசம்பர் 2-க்கு நேராகத்தான் பார்ப்பீர்கள், மீனம்பாக்கத்துக்கு 34.5 செ.மீ. என்று. அதனால் மே 31 சாயங்காலம் இடியோடு ஒரு கோடைமழை பெய்ததாக வீட்டில் சொன்னால் ஜூன் 1-ஐத் திறந்து பாருங்கள். வெயிலில் இந்தச் சிக்கல் குறைவு. அதிகபட்சத்தை மாலை 5.30-க்கும் குறைந்தபட்சத்தைக் காலை 8.30-க்கும் படிப்பார்கள், இரண்டும் பெரும்பாலும் அதே தேதியில்தான் இருக்கும். வெளிநாட்டுத் தளங்களில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே எடுப்பது? முறையான வழி, வானிலைத் துறையின் புனே அலுவலகத்துத் தரவு வழங்கும் தளம். விண்ணப்பித்து வாங்க வேண்டும், அவசரத்துக்கு ஆகாது, ஆனால் வழக்குக்கோ ஆய்வுக்கோ தேவை என்றால் இதைத் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். இலவசமாக வேண்டுமானால் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு உலக நிலையங்களின் தினசரிப் பதிவைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் எண்கள் பத்தில் ஒரு டிகிரிக் கணக்கில் இருக்கும், 450 என்றால் 45.0 டிகிரி. மழையும் அப்படியே, 120 என்றால் 12 மி.மீ. மைனஸ் 9999 என்று பார்த்தால் அன்றைக்குப் பதிவு இல்லை என்று அர்த்தம், அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சராசரி போட்டுவிடாதீர்கள். மூன்றாவது வழி நூலகம். மறுநாள் செய்தித்தாளில் முந்தைய நாளின் எண் வந்திருக்கும். ரொம்பப் பழைய இதழ் என்றால் பாரன்ஹீட்டில் இருக்கும், 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் போதும்.

கைப்பேசிச் செயலிகளிலும் பல இணையதளங்களிலும் எந்தத் தேதியைத் தட்டினாலும் ஓட்டையில்லாமல் எண் வந்தால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் வெப்பமானி படித்தது கிடையாது, வானிலையைக் கணக்கிடும் ஒரு கணினி நிரல் பின்னோக்கிக் கணித்தது. ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈரா5 (ERA5) தொகுப்பு 1940 முதல் இப்படிக் கிடைக்கிறது. அருமையான வேலை, ஆனால் அது பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகிறது, ஒரு கட்டம் சுமார் 30 கி.மீ. அகலம். சென்னைபோன்ற கடற்கரை ஊரில் ஒரே கட்டத்துக்குள் கடலும் நிலமும் கலந்துவிடும், உச்சி வெயில் மழுங்கிப்போகும். மாநிலம் முழுக்க ஒரு மாதம் எப்படி இருந்தது என்று பார்க்க அது நல்லது, ஒரு நாளின் உச்சத்துக்கு வேண்டாம். அப்புறம் 'இந்தத் தேதியின் அதிகபட்ச வெயில்' என்று போட்டிருந்தால் எந்த வருடத்திலிருந்து கணக்கு என்று பாருங்கள். இருபது வருடப் பதிவை வைத்துக்கொண்டு வரலாறு காணாத வெயில் என்று சொல்வது நியாயமே இல்லை.

எண் கிடைத்ததும் உடனே எழுதிக்கொள்ளுங்கள், நிலையம், எண், தேதி, எங்கிருந்து எடுத்தது என்று நான்கும் சேர்த்து. ஆறு மாதம் கழித்து வெறும் 41.3 என்ற எண்ணைப் பார்த்தால் உங்களுக்கே ஒன்றும் விளங்காது.

கடைசியாக நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அன்றைய அரைமணி நேர அறிக்கைகள் கிடைத்தால் காற்றுத் திசையைப் பாருங்கள். அதன் வெப்பநிலை முழு எண்ணில்தான் இருக்கும், உச்சத்துக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், திசை போதும். மே கடைசியில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வர முடியாது, மத்தியானம் இரண்டு, மூன்று மணி வரை வெயில் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட நாளில் 42, 43 என்று எழுதியிருந்தால் நம்பலாம். பதினொன்றரைக்கே காற்று கிழக்குக்குத் திரும்பியிருந்தும் பதிவில் 43 என்று இருந்தால், அடுத்த நிலையத்தின் எண்ணையும் மறுநாள் செய்தித்தாளையும் எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.