சூடு முதலில், பால் அப்புறம்

கண் திறக்காத பூனைக்குட்டி கத்துவதைக் கேட்டால் யாருக்கும் கை முதலில் பாலைத்தான் தேடும். சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் தெருவில் எங்கே குட்டி கிடைத்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். கூடவே ஒரு டம்ளர் பசும்பாலும், கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பாலாடைக் கிண்ணமும் வரும். இரண்டையும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குட்டியின் வாய்க்குள் சுண்டு விரல் நுனியை வைத்துப் பார்ப்பேன். உள்ளே கதகதப்பாக இருந்தால் சரி. சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்கக் கூடாது.

பிறந்து மூன்று, நான்கு வாரம் வரை பூனைக்குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அதன் இயல்பான சூடே 35, 36 டிகிரி செல்சியஸ்தான். தாயும் கூடப்பிறந்தவையும் ஒட்டிக் கிடப்பதால்தான் அந்த அளவாவது நிற்கிறது. உடம்பு குளிர்ந்துவிட்டால் குடல் வேலை செய்யாது. அப்போது ஊற்றிய பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்கும் போகும்.

சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும். துண்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. அரை மணி, ஒரு மணி நேரம் ஆகட்டும். அடுப்புக்கு முன்னால் காட்டுவது, வெந்நீரில் முக்குவது எல்லாம் வேண்டாம். சூடு ஏறியும் துவண்டே கிடந்தால் சர்க்கரைத் தண்ணீரில் விரலைத் தொட்டு ஈறில் லேசாகத் தடவலாம். குட்டி தலையைத் தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கியதும் பாலைப் பற்றி யோசிக்கலாம்.

அதன்பின் ஓர் அட்டைப் பெட்டி. ரப்பர் ஒத்தடப் பை இருந்தால் நல்லது, இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றிப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி தானே ஊர்ந்து மறுபக்கம் போக இடம் வேண்டும். முதல் வாரம் பெட்டிக்குள் 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். வாரம் போகப்போகக் குறைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் ஊருக்கு ஊர் மாறும். என் நாத்தனார் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறாள். மார்கழி, தையில் பழம் பறிக்கும் சமயம் கிடங்கில் சாக்கு அடுக்கைப் பிரித்தால் நடுவில் குட்டிகள் கிடக்கும். "அண்ணி, சில்லுனு கிடக்குது, பால் காய்ச்சட்டுமா?" என்று போன் வரும். "பால் கிடக்கட்டும், முதல்ல வெந்நீர் போடு" என்பேன். மலைக் குளிரில் பாட்டில் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டையே உறிஞ்சும். அதனால் ராத்திரியில் ஒவ்வொரு முறை பால் கொடுக்க எழும்போதும் தண்ணீரை மாற்றியாக வேண்டும். சேலத்தில் சித்திரை மாதம் கதை தலைகீழ். தகரக் கூரைக்கு அடியில் வெந்நீர்ப் பாட்டிலும் வைத்தால் குட்டி வெந்துபோகும். குட்டிகள் ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். அந்த மாதங்களில் பகலில் பாட்டில் வேண்டியதே இல்லை. ஃபேன் காற்று நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: குட்டிக்கு உண்மையிலேயே தாய் இல்லையா? தாய்ப் பூனை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். நீங்கள் பார்த்தது மிச்சம் இருந்த கடைசிக் குட்டியாக இருக்கலாம். குட்டி கதகதப்பாக, வயிறு நிறைந்து, சத்தமில்லாமல் தூங்கினால் தொடாமல் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதை நம்பிப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். தெருவில் வேறு பூனை பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அதனிடம் சேர்த்துப் பார்ப்பது நம் எந்தப் பால் பவுடரையும்விட மேல். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: காட்டை ஒட்டிக் கிடப்பது மரநாய்க் குட்டியாகவோ காட்டுப்பூனைக் குட்டியாகவோ இருக்கலாம். அவற்றை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, பால். பூனைப் பாலில் பசும்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் அதிகம். பசும்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிற்றாலே போகும். இத்தனூண்டு உடம்பு வற்றிப்போக ஒரு நாள் போதும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் பவுடர் கிடைக்கிறது, டப்பாவில் சொன்ன அளவில் கரைக்கவும். கடை திறக்கும்வரை ஒரு ராத்திரிக்கு மட்டும் காய்ச்சிய ஆட்டுப்பாலில் சமாளிக்கலாம். எங்கள் ஊரில் ஜவ்வரிசிக் கஞ்சி கரைத்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. நல்ல மனசுதான், ஆனால் அதில் குட்டிக்கு ஒன்றும் இல்லை.

பாலாடையை ஏன் ஓரம் வைத்தேன் என்றால், அதில் பால் தானாக வாய்க்குள் சரியும். குட்டி சப்பிக் குடிக்க வேண்டும். மருந்துக்கடையில் ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சு வாங்குங்கள், அல்லது குட்டிக்கான பால் புட்டி. கைக்குழந்தை மாதிரி மடியில் மல்லாக்கப் போட்டுக் கொடுக்கவே கூடாது. தாயிடம் குடிப்பது போலக் குப்புறப் படுக்க வைத்து, முன்னங்கால்கள் துண்டைப் பிசைய விட்டு, தலையை லேசாக மட்டும் நிமிர்த்தி, நாக்கின் மேல் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பால் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்துத் துடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் மூச்சில் கரகரப்புக் கேட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

100 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 20 மில்லி. ஒரே வேளையில் 4 மில்லிக்கு மேல் அதன் வயிறு தாங்காது. முதல் வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாம் வாரம் மூன்று, நான்கு மணி நேரம். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளாமல் இது நடக்காது.

பால் கொடுத்ததும் வேலை முடியவில்லை. குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வாலுக்குக் கீழே மெல்ல, விடாமல் தடவுங்கள். சில நொடியில் பஞ்சு மஞ்சளாகும். வெளிர் மஞ்சள் நல்லது, அடர் மஞ்சளானால் உடம்பில் தண்ணீர் போதவில்லை. மலம் தினம் ஒருமுறையாவது, கடுகு நிறத்தில், பற்பசைப் பதத்தில் வரும். ஒவ்வொரு வேளைக்கும் இதைச் செய்ய வேண்டும், மூன்று வாரம் வரை.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை இருப்பதால் கிராம் தராசுக்குப் பஞ்சமில்லை. ஒரு சில்வர் கிண்ணத்தில் துணி விரித்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காலையில் முதல் பாலுக்கு முன் குட்டியை வைப்போம். பிறந்த குட்டி 100 கிராமை ஒட்டி இருக்கும். தினம் 10 கிராமாவது ஏற வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையிலேயே தராசு சொல்லிவிடும்: ஏறாமல் நின்றால் கவனி, இறங்கினால் டாக்டரிடம் ஓடு. தினமும் காலண்டரில் எழுதி வையுங்கள். உங்களிடம் நகைத் தராசு இல்லையென்றால் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

எறும்பை மறந்துவிடாதீர்கள். பால் சிந்திய குட்டியைத் தேடி ராத்திரியில் வரிசை கட்டும். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி இரண்டும் பூனைக்கு விஷம். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சிப் பவுடரும் அப்படியே, அதில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். தெள்ளைப் பேன் சீப்பால் சீவி எடுங்கள். டெட்டால், பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள்.

இப்படியெல்லாம் பார்த்தும் சில குட்டிகள் நிற்காது. பிறந்த முதல் நாள் சீம்பால் குடிக்காத குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. முந்தின வேளை நன்றாகக் குடித்தது அடுத்த வேளைக்குள் போய்விடும். உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

கண் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் திறக்கும், நாம் பிரிக்கக் கூடாது. மூடிய இமை வீங்கிச் சீழ் தெரிந்தால் மட்டும் டாக்டர். பூச்சி மருந்து இரண்டு, மூன்று வாரத்தில் எடை பார்த்து அவர்தான் தர வேண்டும். நான்காம் வாரம் தட்டில் பால், அப்புறம் ஊறவைத்த குட்டி உணவு அல்லது உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழி. தயிர்சாதத்தில் பூனை வளராது, அதற்குக் கறி வேண்டும். ஒரு தட்டில் மணல் வைத்தால் இடம் தானே பழகிக்கொள்ளும். முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், வெறிநோய்க்கு மூன்றாம் மாதம்.

எட்டு வாரம் ஆகாமல் யார் கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. பெண் குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும் என்பதால், கருத்தடை செய்துவிடுவதாகச் சொல்பவர்களுக்குத்தான் முதல் உரிமை. வீட்டில் எலி மருந்து வைப்பீர்களா என்றும் கேட்பேன். வைப்போம் என்றால் குட்டி இங்கேயே இருக்கும்.